ஒன்றரை வினாடி

கொட்பேயில் ஐஸ் உடைக்கிற இரவு வேலை.
இரண்டு மணிக்குப் படகுகளுக்கு ஏற்றி முடிந்தால்
நாலு மணிவரைக்கும் கைபேசி எனக்கு.
விரல் விறைத்திருக்கும். திரை என்னை நம்பாது,
மூன்று தரம் தேய்த்தால்தான் திறக்கும்.

திறந்தால்,
உங்கள் பிராந்தியத்தில் இது கிடைக்காது.

பிராந்தியம்.
சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர்கள்கூட
இவ்வளவு மரியாதையாய்ச் சொன்னதில்லை.

களவாய்ப் பார்க்கவா ஆசை எனக்கு?
காசு கட்டத்தான் போனேன்.
நாடுகளின் பட்டியலை விரலால் இழுத்தேன்.
ஸ்பெயின்.
அதற்கு அடுத்தது சூடான்.
இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருந்திருக்க வேண்டும்.
மேலே போய், கீழே வந்து, திரும்ப மேலே போய்,
கடைசியில் சிங்கப்பூர்க்காரனாகினேன்.
தெருப் பெயர் கேட்டது.
உட்துறைமுக வீதி என்றே எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.

பத்துப் பாகம் பார்த்தேன்.
பதினோராவதுக்கு முதல்நாள் நள்ளிரவு
உரிமம் முடிந்ததாம்.
இசோஜி ரயிலுக்கு நிற்கிறான்,
நிற்கிறான்,
ஐந்து மாதமாய் நிற்கிறான்.

பிறகு, உப்புவெளியில் ஃபோன் திருத்துகிற கஜரூபன்
ஒரு பென்டிரைவ் தந்தான்.
"தமிழிலேயே இருக்கு மச்சான்."
தமிழில்தான் இருந்தது.
மழையைப் பார்த்தபடி இசோஜி
ஒன்பது வினாடி பேசாமல் நிற்கிற இடம் ஒன்றுண்டு.
அந்த ஒன்பது வினாடிக்காகத்தான் நான் விழித்திருப்பது.
அதை ஓட்டையென்று நினைத்திருக்க வேண்டும்,
படகுக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி
ஒரு பஞ்ச் வசனத்தை அடைத்துவிட்டிருந்தார்கள்.
வாய் அசையவில்லை, குரல் மட்டும் வந்தது.
குரலைப் பிழை சொல்ல மாட்டேன்.
நல்ல குரல். யாரோ ஒருவரின்
மூன்று மணித்தியாலக் கூலியாயிருக்கும்.

ஆட்களை வைத்து எடுத்த படத்தையும் பார்த்தோம்.
காற்றில் எரிகிற மாதிரிக் கீறிய தலைமுடி
பசை போட்டு ஒட்டிய தொப்பியாய் வந்து நின்றது.
பதினாறு வயதுப் பெடியனுக்கு
சவரம் செய்து நீலம் பாரித்த தாடை.
கடலைக் கணினியில் செய்திருந்தார்கள்.
கேட்டிருந்தால் எங்கட கடலைத் தந்திருப்போம்,
மான்கள் வந்து நின்று
சாப்பாட்டுப் பொதித்தாள் மெல்லுகிற கரையோடு சேர்த்து.

கிண்ணியா பஸ்மினாவுக்குத்தான் கோபம் சரியாய் வந்தது.
முதியோர் இல்ல வேலைக்கென்று ஜப்பான் மொழி படிப்பவள்,
பரீட்சையில் இரண்டு தரம் தவறினவள்.
"வாசல்ல அவன் என்ன சொல்றான் தெரியுமா?
இத்தெகிமஸ்.
போறதும் வாறதும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு.
எங்கட வீட்டிலயும் அதுதானே.
இவங்க இங்கிலீசுக்குள்ளால சுத்தி வந்து
'நான் போறேன்' எண்டு போட்டிருக்காங்க.
வாசல்ல நிண்டு போறேன் எண்டு
ஆராவது சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள்.
இந்த ஊரில் திரும்பி வராதவர்களும்
போயிட்டு வாறன் என்றுதான் போனார்கள்.
அவள் அதைச் சொல்லவில்லை. நானும்தான்.
தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

கஜரூபன் கடையின் பின்னறையில், பின்னேரங்களில்,
நாங்களே எழுத்துப் போடத் தொடங்கினோம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒரு 'ம்'முக்கு அரை மணித்தியாலம் சண்டை.
ஒன்பது வினாடிக்கு ஒன்றும் போடவில்லை,
அதற்கு மட்டும் சண்டை வரவில்லை.

ஓடவிட்டுப் பார்த்தால்
எழுத்து ஒன்றரை வினாடி பிந்துகிறது.
இசோஜி சப்பாத்தை மாட்டுகிறான்,
வாயைத் திறக்கிறான்,
கதவை இழுத்துச் சாத்துகிறான்.
ஆளில்லாத கதவின்மேல் வருகிறது
போயிட்டு வாறன்.

திருத்தப் போனேன்.
"கிடக்கட்டும்" என்றாள் பஸ்மினா,
கிண்ணியா பஸ்ஸுக்குப் பையை எடுத்தபடி.