மினிட் நோட்டு

சல்மாபாத்தில் டிங்கரிங் கடை மாடியில்
ஏழு பேர் கூடித் தொடங்கினோம்.
பெயர் வைத்தவர் வேதமாணிக்கம்.
சோழன் காலத்தில் வேளைக்காரர் என்றொரு படையாம்,
வேளை வந்தால் உயிர் தருவோம் என்று
சத்தியம் செய்தவர்களாம்.
ளகரம் போட்டு எழுது என்றார் என்னிடம்.
ரப்பர் ஸ்டாம்பு செய்தவன்
லகரம் போட்டுக் கொண்டுவந்தான்.
மூன்று தினார் கொடுத்தாயிற்று.
மாற்றவில்லை.

வாள் வேண்டுமென்று அடம்பிடித்ததும் அவர்தான்.
பழைய பிக்கப்பின் கமான் பட்டையை
நாலு வெள்ளிக்கிழமை கிரைண்டரில் தேய்த்து
முனையை மழுக்கி
பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றினார்.
சேருகிறவன் முட்டி போட வேண்டும்,
வாள் அவன் வலத்தோளைத் தொடும்.
மனுசனுக்கு முன்னால் முட்டி போட மாட்டேன்
என்றான் சேகு முகைதீன்.
நியாயம்தான். நின்றபடி, என்று திருத்தினோம்.
நோட்டில் முதல் அடித்தல் அது.

ஒரு ராத்திரி சாலைச் சோதனையில்
டிக்கியைத் திறந்த போலீஸ்காரர்
என்ன இது என்றார்.
கமான் பட்டை என்றார் வேதமாணிக்கம்.
அவர் அதை எடுத்து, வளைத்துப் பார்த்து,
இது எந்த வண்டிக்கும் பொருந்தாதே என்று
சிரித்துத் திருப்பித் தந்தார்.

அந்தக் காலத்தவர் தலையைக் கொடுத்தார்கள்.
எங்களிடம் கொடுக்க
வெள்ளிக்கிழமைதான் இருந்தது.
ஆளில்லாத படுக்கைகளின் அருகில்
ஆளாக உட்கார்ந்தோம்.
விசா தீர்ந்து ஒளிந்திருந்தவனின் அபராதத்துக்கு
பிரியாணிப் பொட்டலம் விற்றோம்.
சம்பளம் வராத பதினொரு பேருக்கு
லிஃப்ட் இல்லாத நாலாம் மாடிக்கு
அரிசி சுமந்தோம்.
ஏமாந்தும் இருக்கிறோம்:
அம்மா செத்துவிட்டாள் என்று அழுதவன்
டிக்கெட் காசோடு தம்மாம் போய்விட்டான்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன், செலவுப் பக்கத்தில்.

கார் கழுவும் ஷோஃபிகுல் சேர்ந்த அன்று
சத்தியத்தை நான் தமிழில் சொல்ல
அவன் வங்காளி நாக்கால் திருப்பிச் சொன்னான்.
ளகரம் வரவில்லை.
நான் வேலைக்காரன், நான் வேலைக்காரன் என்று
இரண்டு தடவை சொன்னான்.
யாரும் திருத்தவில்லை.
ஸ்டாம்பில் உள்ளபடிதானே.

விதி மூன்று:
உதவி பெறுகிறவரிடம்
பெயர் சொல்லக் கூடாது.

போன மாசி மாதம்
அருமைநாயகம் என்ற பெயர் கூட்டத்துக்கு வந்தது.
சல்மானியா ஆஸ்பத்திரி,
சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது,
ஊருக்கு அனுப்ப ஆளில்லை.
கொளஞ்சியப்பன் எழுந்து
ஜன்னல் பக்கம் போய் நின்றான்.
தொண்ணூறாயிரம் வாங்கிக்கொண்டு
சூப்பர் மார்க்கெட் மேனேஜர் என்று சொல்லி
அவனைச் சாக்கடை லாரிக்கு ஏற்றிவிட்ட ஏஜென்ட் அது.
கை தூக்கச் சொன்னோம்.
எல்லாக் கையும் பாதி உயரம்தான் போனது.
வெளியே ஏசித் தண்ணீர்
தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.
டிக்கெட் சரி, ஏர்போர்ட்டில் வீல்சேர் தள்ள யார்?
ஜன்னலைப் பார்த்தபடியே
நான் என்றான்.

வரிசை நீளமாம்.
எத்தனையோ பேரைக் கொண்டுவந்தேன் தம்பி,
ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை,
நீ யாரு பெத்த பிள்ளையோ,
பேரென்னப்பா, என்று கேட்டாராம் அவர்.
வாய் வரைக்கும் வந்துச்சு என்றான் என்னிடம்,
பேரு, அப்பா பேரு,
வித்த காணியோட சர்வே நம்பர் வரைக்கும்.
அப்புறம்?
விதி மூணுன்னேன். அவருக்குப் புரியலை.

அன்றைய குறிப்பு:
வீல்சேர் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.
வாடகை இரண்டு தினார்.
தேநீர் நானூறு ஃபில்ஸ்.
ஒரு கப் இருநூறுதானே என்று கேட்டேன்.
இரண்டு கப் என்றான்.
எழுதிக்கொண்டேன்.