நாலு விரக்கடை

பணகுடிக்கு மேற்கே, தெருமுனையில் நின்றாலே
காற்றாலைகள் கண்ணில் படுகிற வரிசையில்
ஜெயசீலி நர்ஸ் வீட்டு மாடியிலிருந்து
பச்சை வயர் ஒன்று இறங்குகிறது.
சன்ஷேடைத் தாண்டி, குளியலறைக் குழாயை ஒட்டி வளைந்து
மண்ணுக்கு நாலு விரக்கடை மேலே
நின்றுவிடுகிறது.

அங்கே நிறுத்தியவன் நான்.

வயர் தீந்துபோச்சுண்ணே என்றேன் போனில்.
"மண்ணைக் குமிச்சு மூடுல. போட்டோ அனுப்பு.
மூணு மணிக்குக் காவல்கிணத்துல நிக்கணும்"
என்றார் வானமாமலை.
அவருக்கு மேலே ஒரு காண்ட்ராக்டர்,
அவருக்கு மேலே மதுரையில் ஏசி போட்ட ஓர் அறை,
எல்லாருக்கும் மேலே, விளம்பரத் தட்டியில்
வெயிலைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு குடும்பம்.
எனக்கு பேனலுக்கு இருநூற்றைம்பது. சாப்பாடு கைக்காசு.

கரியும் உப்பும் இட்டு ஆளுயரம் தோண்டவேண்டிய குழி.
நான் தோண்டியதில் ஒற்றைச் செருப்பைப் புதைக்கலாம்.
குமித்தேன், தட்டினேன், படம் பிடித்தேன்.
படத்தில் வயர் பூமிக்குள்தான் போகிறது.
ஆனிக் காற்று கணவாயிலிருந்து வந்து
ஒரே இழுப்பில் அந்தக் குவியலை
எடுத்துக்கொண்டு போனது.

போன வாரம் பேனல் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டது அவர்தான்.
வெயிலுக்குத் துண்டை முகத்தில் சுற்றியிருந்தவனை
அவருக்கு எப்படித் தெரியும்?
யாரும் படம் எடுக்கவில்லை.
ஆனாலும் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் தேதி பார்த்தார்,
துடைத்தார், காயும்வரை நின்றார்,
ஊசிமுனையை நறுக்கிப் போட்டார்.
"என்ன வேலை பாக்க?"
வயரிங் என்றேன்.
"அப்ப ஒருநடை வந்து பாரேன்.
மாடியில வத்தல் அள்ளப் போனா அந்தக் கம்பி சுள்ளுங்கு.
கம்பெனிக்காரன் போனே எடுக்க மாட்டேங்கான்.
பேங்க்காரன் மட்டும் ஒண்ணாந்தேதி தவறாம எடுத்திருதான்."

இருட்டின பிறகு போனேன்.
மெயினை இறக்கினாலும் வெயில் நிற்கிறவரை
மேலே உள்ள வயருக்கு உயிர் உண்டு;
சூரியனுக்கு யார் சுவிட்ச் வைத்தார்கள்?
டார்ச் அடித்துப் பார்த்தால்
இரண்டு கம்பெனிச் சொருகிகளை வம்படியாக இணைத்திருக்கிறது.
பிளாஸ்டிக் பழுத்து, கருகிய தேங்காய்நார் வாசம்.
அது மாசானம் போட்டது, நான் இல்லை
என்று எனக்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டேன்.
சட்டத்தின் காலுக்கு நாலு போல்ட்டு வேண்டிய இடத்தில் இரண்டு.
அது நான்.
ஒரு போல்ட்டு பதினெட்டு ரூபாய்.
காற்றில் சட்டம் கிடந்து முனகியது,
உறக்கத்தில் பல்லைக் கடிக்கிற ஆள் மாதிரி.

பத்து மணிக்குக் கடப்பாரை பாறையில் முட்டியது.
கொஞ்சம் தள்ளி மறுபடி தோண்டினேன்.
இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கி வைத்திருந்தார்.
கல்லுப்பு வாளியோடு வந்து
"எத்தனை படி போடணும்?" என்றார்,
டார்ச்சை என் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டே.
"மொதல்ல வந்தவன் என்னதான் செஞ்சிட்டுப் போனான்?"
"அவசரக்காரன், சிஸ்டர்."
"அவனுக்கு என்ன அவசரமோ"
என்றபடி உப்பைக் கொட்டினார்.

ஐநூறு ரூபாய் தந்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
வாங்கிக்கொண்டேன்.

கடைசி பஸ் போய்விட்டது.
நிறுத்தத்தில் உட்கார்ந்து போனைத் திறக்கிறேன்.
காவல்கிணற்றில் மூன்று வீடு, வள்ளியூரில் ஏழு,
திசையன்விளையில் மாடியிலேயே டியூஷன் நடக்கிற ஒரு வீடு.
எல்லாப் படத்திலும் வயர் மண்ணுக்குள் போகிறது.
திசையன்விளையில் மட்டும்
எத்தனை விரக்கடை என்று
எனக்கே ஞாபகம் வரவில்லை.