இடப்பக்கம் திரும்பி நிற்கும் வண்டி

டெர்லிஸ் ஆற்றைக் கடந்தபோது
இரண்டு சாவியும் அவன் பையிலேயே போய்விட்டன.
மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்து வைக்கிற ஆள்.
பரானாவுக்கு அக்கரை அர்ஜென்டினா.
அங்கிருந்து ராத்திரி முழுக்க பஸ்,
பிறகு கட்டட வேலை,
பிறகு எடுக்கப்படாத போன்.

பதினோரு நாளாக
மாமரத்தடியில் ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்துப் பூட்டியபடி
பேச்சு நின்றுபோன உறவுக்காரர் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது வண்டி.
அதைக் கடந்துதான் சூனில்டா ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள்,
நாலு கிலோமீட்டர், இரவுப் பணிச் செருப்போடு.

பன்னிரண்டாம் நாள்
பேருந்து நிலையத்துப் பூட்டுக்கடை லிப்ராடா வந்தாள்.
முதலில் காகிதம் கேட்டாள்.
"வண்டி யார் பேரில்?"
"என் பேரில். தவணையும் என் பேரில்.
ஓட்டினது மட்டும் தம்பி."
லிப்ராடா சிரிக்கவில்லை. இந்த வாரம் இது மூன்றாவது.

"சாவி செய்வது ஒரு வேலை.
பூட்டுக்குள் தகடுகளை மாற்றிப் போடுவது இன்னொரு வேலை.
மாற்றினால் பழைய சாவி திரும்பாது.
இருபதாயிரம் குவாரனி கூட ஆகும்."
"மாற்று," என்றாள் சூனில்டா,
அவள் விலை சொல்லி முடிப்பதற்குள்.

பத்தடி தள்ளிப் போய்
வெட்டாத சாவியை மெழுகுவர்த்தியில் கரி பிடித்து,
சுடரை ஊதி அணைத்துவிட்டு வந்து,
டேங்க் மூடியில் நுழைத்து, மெல்லத் திருகி,
வெளியே இழுத்து வெயிலில் பார்க்கிறாள்.
கரியில் நாலைந்து இடத்தில் பித்தளை மின்னுகிறது.
அங்கே அரம். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு.
மறுபடி பத்தடி.
இருட்டுக்குள் இருப்பவன் எங்கே கடிக்கிறான் என்று
கடிபட்டவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது.

முக்கால் மணி நேரம்.
தெரேரே குவளை நாலு முறை கைமாறியது.

மூடி திறந்தது.
விளிம்பு வரை பெட்ரோல்.

சூனில்டா குனிந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.
ஒருநாளும் பத்தாயிரத்துக்கு மேல் போட்டதில்லை அவன்.
ரிசர்வில் ஓட்டி ரிசர்வில் திருப்பித் தருகிறவன்,
விடியற்காலையில் அவளைத் தள்ள வைத்தவன்.

"மூடிவிடு, ஆவியாய்ப் போகுது," என்றாள் லிப்ராடா.

அதே சாவி இக்னிஷனில் திரும்ப மறுத்தது.
"டேங்க் பூட்டு வாரம் ஒருமுறை திறப்பது.
இது தினம் இருபது தடவை அவன் கைக்குத் தேய்ந்தது.
தேய்ந்த பூட்டுக்குப் புதுப் பல் ஆகாது."
மூன்றாம் பல்லை
நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடவிட்டாள்,
அரத்தால், ஐந்து நிமிடத்தில்.

ஹேண்டில் நேரானது.
பச்சை விளக்கு எரிந்தது.

தகடுகளை மாற்ற இடுக்கியை எடுத்தாள் லிப்ராடா.
"அதை விடு. இன்னொரு சாவி மட்டும் போடு."
"மாற்றாவிட்டால் பழையதும் திரும்பும்."
"தெரியும்."

காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
இரண்டு சாவியையும்
ஒரே வளையத்தில் கோத்தாள் சூனில்டா.
வாசற்படி வரை போனவள்
நின்று
நகத்தால் வளையத்தை நெம்பி
ஒன்றைக் கழற்றினாள்.