நொரீன் விட்டது

கிரிம்ஸ்பியில் பேருந்து ஓட்டும்
நொரீன் ப்ளாஞ்சர்டுக்கு
சிகரெட்டை விடுவதற்கென்று
மொழி நிறையவே கொடுத்திருந்தது.

முதலில் உதைக்கச் சொன்னது.
பழக்கத்தை உதைப்பது என்றுதான் அவள் ஊரில் பேச்சு,
கதவையோ நாயையோ போல.
ஒரு மார்ச் மாதம் முழுக்க உதைத்தாள்.
பணிமனைக் கழிப்பறைக்குப் பின்னால்
அது வாலாட்டிக்கொண்டு காத்திருந்தது.

பிறகு வான்கோழி.
சட்டென்று ஒரே நாளில் நிறுத்துவதை
ஆறிப்போன வான்கோழி என்பார்கள்.
ஏனென்று கணவன் லெஸ்ஸுக்குத் தெரியவில்லை,
நூலகத்துப் பெண்ணும் உறுதியாகச் சொல்லவில்லை.
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்
மிஞ்சிய வான்கோழியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றபடி
தொடங்கினாள், பொருத்தமாக இருக்கட்டுமென்று.
நாலு மணிக்கு இருட்டியது.
நாலரைக்கு லெஸ்ஸின் கோட்டுப் பையில்
கையை விட்டாள்.

அப்பா இழுவைப்படகில் போனவர்.
எதையும் மண்டையில் ஒரு போடு போட்டு முடிப்பதுதான்
துறைமுகத்து வழக்கம்:
துள்ளும் மீனை, பாக்கிச் சண்டையை.
குடியை மட்டும் அவர் மூன்று முறை போட்டார்.
புகைக்கு மண்டை எங்கே இருக்கிறது
என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

புது இலையைப் புரட்டு என்றது
சுகாதார நிலையத்து அட்டை.
இலை என்றால் அங்கே புத்தகத்தின் தாள்.
அவளோ தானே சுருட்டிப் பிடிப்பவள்.
இலை என்றதும்
விரல்கள் தாமாகக் குவிந்தன.

கடல்சுவரில் நின்று லைட்டரை வீசினாள்.
ஓதம் வடிந்தபோது ஹம்பர் அதைச்
சேற்றில் வைத்துவிட்டுப் போயிருந்தது, சிவப்பாக.
எடுத்துத் துடைத்து வீட்டில் காயவைத்து,
பற்றுகிறதா என்று மட்டும் பார்த்தாள்.
பற்றியது.

விடுவதற்கும் தோற்பதற்கும்
அவர்களிடம் ஒரே சொல்: கிவ் அப்.
அதனால் நிறுத்திய ஒவ்வொரு முறையும்
யாரிடமோ கைதூக்கி நின்ற மாதிரி இருந்தது.
மறுபடி பற்றவைத்தபோது
எதிர்த்து நின்ற மாதிரி.

என் மொழி மட்டும் யோக்கியமா.
நொரீன் புகையை விட்டாள் என்று எழுதினால்
ஊதினாளா, ஒழித்தாளா,
வாசிக்கிறவர் பாடு.

ஒரு வியாழக்கிழமை,
அதற்கு எந்தச் சொல்லும் வைக்கவில்லை.
மூடுபனி. வண்டி தாமதம்.
ஃப்ரீமன் தெரு நிறுத்தத்தில் ஒருவர்
சில்லறையை எண்ணினார், கீழே கொட்டினார்,
முதலிலிருந்து எண்ணினார்.
இடைவேளை போய்விட்டது.
வெள்ளி பல் மருத்துவர், தாடை மரத்துக் கிடந்தது.
சனி கால்பந்துக் கூட்டம்.
ஞாயிறு என்ன என்று நினைவில்லை.

பதினோராம் நாள் பணிமனை வாசலில்
க்ளெனிஸ் கேட்டாள்:
"மூட்டை கட்டிட்டியா?"
நொரீன் எல்லாச் சொல்லையும் ஒருமுறை
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
எதைச் சொன்னாலும்
அது திரும்பி வரும் வழி தெரிந்து வைத்திருந்தது.

"இன்னிக்கு இன்னும் பிடிக்கலை."

குளிரில் வாயிலிருந்து
வெள்ளையாக ஏதோ வந்தது.
க்ளெனிஸ் கிட்டே வந்து மோந்தாள்.
வெறும் மூச்சு.
நொரீன் இன்னொன்று விட்டாள்,
வேண்டுமென்றே,
நீளமாக.