மிளகாய்க் காம்பு

நாலரை மணிக்கு வண்டி வரும்.
நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட்.
அயனாவரம் டிப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி
பதினோரு வருஷமாய்ப் பால் விற்கிறவள் நான்.
என் வீட்டில் பால் கிடையாது.

சொன்னால் சிரிக்கிறார்கள்.
மாடி வீட்டு செராபின்தான்
"கசாப்புக் கடைக்காரன் கீரை தின்ன கதை" என்றாள்.
இருக்கட்டும்.
கீரையும்தான் தின்கிறேன்.

பெரிய காரணம் என்று ஏதுமில்லை.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிச் சீட்டில்
மூன்று எண்களுக்கு அடியில் சிவப்புக் கோடு.
அந்த வாரமே
கொன்னூர் நெடுஞ்சாலைப் பின்சந்தில் ஒரு தொழுவம்,
வைக்கோல் திணித்த கன்று ஒன்று
கயிறில்லாமல் நின்றது.
அதைக் கட்டிப்போட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.
பசு நக்கிக்கொண்டே இருந்தது.
பார்த்தேன், வந்துவிட்டேன்.
மறுநாளும் எண்பது லிட்டர் விற்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போட்டு
தோல் கசக்கி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து
காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில்
பச்சை மிளகாய்க் காம்பு ஆறேழு போட்டு மூடிவைத்தால்
தயிர் ஆகுமாம்.
முதல் தடவை போஸ்டர் ஒட்டும் பசை.
இரண்டாம் தடவை பொங்கி மூடியைத் தள்ளியது.
மூன்றாம் தடவை, கத்திரி வெயிலில்,
கரண்ட் போன ஒரு மத்தியானம்
கரண்டி வைத்த இடத்தில் வெட்டுப்பட்டு நின்றது.
யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.
திறந்து திறந்து மூடினேன்.

இவர் ஞாயிற்றுக்கிழமை மத்தி வாங்கி வருவார்.
உன் சட்டியைத் தொட மாட்டேன் என்று
பால்கனியில் தனி அடுப்பு, தனி வாணலி,
தனிக் கோபம்.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது பார்த்தால்
வாழைத்தண்டுக் கூட்டில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும்.
பூனை என்பார் அருமைநாயகம்.
எந்தப் பூனை வாழைத்தண்டு தின்னும்?
நான் கேட்பதில்லை.

முன்பெல்லாம் நின்றபடியே சாப்பிடுவேன்.
ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன்,
பாக்கிக் கணக்கு, யார் தரவில்லை, எவ்வளவு.
சோறு எப்போது தீர்ந்தது என்று தெரியாது.
இப்போது போனை அரிசி டிரம்முக்குள் போட்டு
சமையலறைத் தரையில் உட்கார்கிறேன்.
சிவப்பரிசி, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை,
ஒரு சொட்டு நல்லெண்ணெய்.
கொத்தவரங்காயில் ஒரு கசப்பு இருக்கிறது,
நாற்பத்தி நாலு வயசில்தான் தெரிந்தது,
கடைசி மெல்லலில் அது இனிக்கப் பார்க்கிறது.
டிரம்முக்குள் போன் அதிரும்.
அரிசிக்கு இருக்கட்டும் அந்தக் கவலை.

கீழே தண்ணி லாரி வந்தால் மட்டும்
பாதியில் எழுந்து ஓடுவேன்.
நிதானத்துக்கும் ஒரு எல்லை உண்டு இந்த ஊரில்.

ஆறு மாசம் கழித்துப் புதுச் சீட்டு.
ஒரு எண் இறங்கியிருக்கிறது,
ஒன்று அசையவில்லை,
இன்னொன்று ஏறியிருக்கிறது, கொஞ்சம்.
டாக்டரம்மா "பரவாயில்லை" என்றார்.
நானும் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு
இருபத்தொன்பதைப் பிடிக்காமல்
ஓட்டேரி வரை நடந்தேன்.
முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி கதவு தட்டும் சத்தம்.
செராபின். கையில் எவர்சில்வர் கிண்ணம்,
முகம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு.
"உறைக்குக் கொஞ்சம் குடேன்.
சும்மாதான். என்ன ருசின்னு பாக்க."

கசாப்புக் கடையை நான் ஞாபகப்படுத்தவில்லை.
ஒரு கரண்டி ஊற்றினேன்.
படியேறும்போது கூப்பிட்டுச் சொன்னேன்,
"மொளகா வாங்குறப்ப
காம்போட பாத்து வாங்கு."

பிறகு அலாரம் வைத்தேன், நாலுக்கு.