கூடைக்காசு தனி

திருப்பாலைக்குடிக் கரையில்
முப்பத்தொரு வருஷமாக ஏலம் கூறுகிறேன்.
பெயர் இபுராம்சா. பெயரைவிடக் குரலைத்தான் தெரியும் கரைக்கு.
"ஐஸ் உள்ளே, கூடைக்காசு தனி."
விலை படிந்ததும் நான் முடிக்கிற வாசகம்.
ஐஸ் ஏன் உள்ளே, கூடை ஏன் வெளியே,
யாரும் கேட்டதில்லை.
எனக்கும் தெரியாது.
எனக்கு முந்தி கூறியவர் அப்படிக் கூறினார்.

செவ்வாயும் சனியும்
ஏலம் முடிந்த கையோடு ராமநாதபுரம் பஸ்.
சட்டையில் நண்டு வாடையோடு
நாலு மணி நேரம் மெஷினில் கிடப்பேன்.
ஊரே குடத்தோடு லாரிக்கு நிற்கிற சீமையில்
என் உடம்பில் மட்டும் தண்ணீர் தேங்கிவிட்டது.
இரண்டரைக் கிலோ இறக்கிவிட்டு
சுகிர்தா சிஸ்டர் எடையைக் குறித்துக்கொள்வார்,
நான் மீனுக்குக் குறிப்பது போலவே,
பென்சிலில்.

ரத்தம் ஊற ஒரு ஊசி.
முன்பெல்லாம் அதற்குத் தனிக் காசு.
செவ்வாய்க்கு ஒன்று, சனிக்கு ஒன்று, தவறாமல் போட்டார்கள்.
சித்திரையில் காப்பீட்டு விதி மாறியது:
மெஷின், குழாய், ஊசி எல்லாம் சேர்த்து ஒரே தொகை.
வைகாசியில் ஊசி சனிக்கு மட்டும்.
என் ரத்தத்தைக் கேட்டா மாற்றினார்கள்?
படகடியிலிருந்து கொட்டகைக்கு ஏறுவதற்குள்
இரண்டு தரம் உட்கார வேண்டியிருந்தது.

மாத்திரை எந்தத் தொகையிலும் இல்லை.
சோற்றோடு விழுங்குவது,
எலும்பைக் கரைக்கிற உப்பை
வயிற்றிலேயே மறித்துக்கொள்வது.
ஜன்னலில் இருக்கிற பூவலிங்கம் நல்ல பையன்.
"பாய், குழாய் வழியா போறது கார்டுல வரும்.
வாய் வழியா போறது வராது."
"அப்ப இதையும் கரைச்சுக் குழாயில விட்டுருங்க, தம்பி."
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை என்று கண்டதும்
ஸ்டேப்ளரை எடுத்து எதையோ தைத்தான்.

வேளைக்கு இரண்டு என்பது சீட்டு.
மத்தியானத்துக்கு ஒன்று என்பது நான்.
ராத்திரி ஆணத்துச் சட்டியை
சபுரா என் பக்கம் நகர்த்தமாட்டாள்.
ஊரெல்லாம் விற்ற மீன்.
மீறி ஒரு துண்டு தின்றால் அன்றைக்கு அரிப்பு,
கடலில் கால் நனைக்காமலே
முதுகெல்லாம் சொறிமீன் தடவிய மாதிரி.
நடுச்சாமத்தில் நிலைக்கட்டையில் தேய்த்துக்கொண்டு நிற்பேன்,
ஆடு போல.

பக்கத்துக் கட்டில் இன்னாசியம்மாள், தங்கச்சிமடம்.
அதே மெஷின், அதே வீங்கின கால்.
ஆனால் மகனுடைய கம்பெனிக் காப்பீட்டில்
அவருக்கு வாயும் சேரும்.
சனிக்கிழமைதோறும் ஆறு மாத்திரை,
மாதா கோயில் திருவிழா நோட்டீஸில் மடித்து,
சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது நீட்டுவார்.
வாங்கும்போது இருவரும் கூரையைப் பார்ப்போம்.
தை மாதம் மகன் வேலை மாறினான்.
புது கம்பெனியின் அட்டை எப்படியோ.
அந்தச் சனி அவர் எதுவும் சொல்லவில்லை,
உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

இன்று விடியலில்
முள்ளிமுனைப் பையன் ஒருவன், கடனுக்கு வாங்கிய வலை,
ஒற்றைக் கூடை நண்டோடு வந்தான்.
விலை படிந்தது.
"ஐஸ் உள்ளே" என்றேன்.
மிச்சம் தொண்டையில் நின்றுவிட்டது.
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
அவனே முடித்தான்:
"கூடைக்காசு தனி. தெரியும் பாய்."
ஈரக் கையால்
சில்லறையை எண்ண ஆரம்பித்தான்.