ரசீதுக்கு ஆகாதவை

கேரளத்தில் கோழி இறக்கிவிட்டு
மலையிறங்கி வரும் வண்டிகளுக்கு
புளியரைச் சோதனைச் சாவடியில்
டயர் டயராக மருந்தடிப்பது என் வேலை.
காலிக் கூண்டிலிருந்து இறகு பறக்கும்.
என் தலையில், டீயில், பதிவேட்டில்,
நாயின் முதுகில்.

நாய்க்குக் கோழி ஆகாது.

சொன்னால் முப்பிடாதி சிரிக்கிறான்:
"சாரல் ஒத்துக்காதவன்
குற்றாலத்துல குடியிருந்த மாதிரி."
சிரிக்கட்டும். காதுமடல் சிவந்து,
விரலிடுக்கை விடியவிடிய நக்கி,
அடிவயிற்றில் முடி போய்
தோலுரித்த கிழங்கு மாதிரி கிடந்தான்.

குட்டியாக இருந்தபோது
ரசீதுப் புத்தகத்தில் பதினாறு தாள் தின்றான்.
பேர் அப்படி வந்தது.
பதினாறுக்கும் நான் எழுதிய விளக்கக் கடிதம்
தென்காசி அலுவலகத்தில் இன்னும் இருக்கும்.

செங்கோட்டை டாக்டர் எப்சிபா சொன்னார்:
எட்டு வாரம். ஒரே ஒரு மாமிசம்.
அதுவும் இதுவரை தின்னாத ஒன்று.
ஆசைக்குப் போடும் துண்டும் அதிலிருந்தேதான்.
கொறிப்பதும் கணக்கில் சேரும்மா.

சாவடி நாய் தின்னாதது எது டாக்டர்?
இட்லி, புரோட்டா, சால்னா,
கொல்லத்து மத்தி, ஆரியங்காவு மாட்டுக்கறி,
சாமிமார் விட்டுப்போன அரவணை, டப்பாவின் ஓரம்வரை.
வாத்து மட்டும் தின்றதில்லை.
குட்டநாட்டு வாத்து வந்தால்
மறித்துத் திருப்பி அனுப்புகிறவளும் நானே.

தென்காசிக் கடையில் பாக்கெட்டுகளைப் புரட்டினேன்.
முன்பக்கம் ஆட்டுக்குட்டி சிரிக்கிறது.
பின்பக்கம் எறும்பெழுத்தில்
ஐந்தாவதாகக் கோழிக் கொழுப்பு.
பூசணிப் பிஸ்கட்டில் ஆறாவதாகக் கோழி ஈரல் தூள்.
இன்னொன்றில் "இயற்கைச் சுவை".
எதனுடைய இயற்கை?
கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.
பில்லில் ஒன்று, கூண்டில் ஒன்று.
எனக்குப் பழகிய சங்கதிதான்.

கடைசியில் குண்டாறு அணைக் கெண்டை.
உப்பில்லாமல் வேகவைத்து, முள் பொறுக்கி,
தகரத்தில் கொசுவலைக்கடியில் காயவைத்து,
காக்கைக்குத் தப்பியதை டப்பாவில் போட்டேன்.
கூட, குழைய வெந்த மரவள்ளி.
இனிப்பு இல்லை, மொறுமொறுப்பு இல்லை.
ஆனாலும் டப்பா மூடி அசைந்தால்
எஸ் வளைவிலிருந்து ஓடிவருவான்.

ஐந்தாம் வாரம் வயிற்றில் பூனைமயிர்.
ஆறாம் வாரம் மறுபடி சொறிந்தான்.

யாரோ போட்டிருக்கிறார்கள்.
டீக்கடை மைதீன்பிச்சையைக் கத்தினேன்,
நாலு பேர் பார்க்க.
ஓமனக்குட்டன் வண்டியை
அரைமணி கூடுதலாக நிறுத்திவைத்தேன்.
"ஞான் ஒந்நும் கொடுத்திட்டில்ல, சேச்சி."
முகம் பார்க்காமல் கியர் போட்டார்.

அன்றிரவு பைக்குள் பேனா தேடும்போது
கையில் தட்டியது பூச்சி மாத்திரை அட்டை.
போன வாரம் என் கையால் கொடுத்தது.
மென்று தின்னும் வகை. கோழிச் சுவையூட்டியது.
"உங்கள் நாய் விரும்பிச் சாப்பிடும்."
விரும்பித்தான் சாப்பிட்டான்.
உள்ளங்கையையும் நக்கினான்.

மறுபடி முதல் வாரம்.

மைதீன்பிச்சையிடம் போய்ச் சொன்னேன்.
சரிம்மா என்றார்.
மீதிச் சில்லறையைக் கையில் தராமல்
பலகையில் வைத்தார். நாலு நாள் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை ஓமனக்குட்டன்
ஜன்னல் வழியே ஒரு வாழையிலைப் பொட்டலம் நீட்டினார்.
வெந்த பலாக்கொட்டை.
"உப்பில்ல. கோழி ஒட்டுமில்ல."
இன்னும் ஏழு வாரம், வேறெதுவும் கூடாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாங்கிக்கொண்டேன்.

தடுப்புக் கட்டையில் சாய்ந்து
ஒவ்வொன்றாக நானே தின்றேன்.
என் பூட்ஸ்மேல் தாடையை வைத்து
ஒவ்வொன்றையும் எண்ணினான்.

வண்டி கிளம்பியது. ஒரே ஒரு இறகு
சுற்றிச் சுற்றி இறங்கி
அவன் மூக்கில் உட்கார்ந்தது.

ரசீது, என்றேன்.

நாக்கு பாதியில் நின்றது.